பதினோராம் பொறி

பருத்தி ஆராய்ச்சி நிலையத்தில் அவனுக்கு 'அந்து' என்று பெயர். அந்துப்பூச்சிகளை எண்ணுகிறவன் என்பதால் வந்தது. வேலை ஒன்றும் கடினமில்லை. வயலில் பன்னிரண்டு கம்புகளில் பன்னிரண்டு பொறிகள் கட்டியிருக்கும். ஒவ்வொன்றிலும் பெண் பூச்சியின் வாசம் ஏற்றிய சின்ன ரப்பர் துண்டு. காய்ப்புழுவின் ஆண் பூச்சிகள் அங்கே பெண் இருக்கிறாள் என்று நம்பி வந்து, கீழே தொங்கும் பாலித்தீன் பையில் விழுந்து சாகும். எத்தனை பேர் ஏமாந்தார்கள் என்று தினமும் காலையில் எண்ணி எழுத வேண்டும். கல்யாணமாகி ஒரு வருடம் ஆனவன், அனுதாபத்தோடு எண்ணுவான் என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள்.

மூன்று நாள் தொடர்ந்து பொறிக்குச் சராசரியாக எட்டுப் பூச்சிக்கு மேல் விழுந்தால், சுற்றுவட்டாரத்து முப்பத்தெட்டுப் பருத்திக்காரர்களுக்கு 'மருந்து அடியுங்கள்' என்று நோட்டீஸ் போகும். குறைவாக விழுந்தால் 'தேவையில்லை' என்று போகும். ஆக, முப்பத்தெட்டு வீட்டு வெள்ளாமை அவன் விரல் நுனியில் இருந்தது. போன மாதம் மூன்று நாள் மழை பெய்தபோது அந்த விரல் நனைய மறுத்துவிட்டது.

பத்துப் பொறிகள் நிலையத்து வயலில் இருந்தன. கடைசி இரண்டும் அவன் மனைவியின் அண்ணன், அதாவது மச்சான் வயலில். எங்கே போனாலும் முழங்கால் அளவு சேறு. அந்து நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தபடியே பன்னிரண்டு பொறிகளையும் எண்ணி முடித்தான். பதினோராம் பொறிக்கு மூன்று, ஐந்து, நான்கு. எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் சந்தேகம் வரும் என்று வேறொரு பொறிக்கு ஏழு போட்டான். மழையில் எழுதியது போல் இருக்கட்டும் என்று ஓரிடத்தில் ஈர விரலால் மையைக் கலைத்தான். கலை என்று வந்துவிட்டால் அவனிடம் சோம்பலே கிடையாது.

'மருந்து தேவையில்லை' என்று நோட்டீஸ் போனது.

இன்று காலை, நிலையத் தலைவியான மேடம் அவனைப் பதிவேட்டோடு கூப்பிட்டார். அறையில் மச்சான் ஒரு சாக்கோடு நின்றிருந்தார். காய்களை மேசைமேல் கொட்டினார். வெளியே ஒரு குறையும் இல்லை. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று அடக்கமாக இருந்தன. மேடம் ஒன்றைப் பிளந்தார். உள்ளே பஞ்சு பழுப்பேறி, விதையைக் குடைந்தபடி இளஞ்சிவப்பில் ஒரு புழு. இருபது காய் பிளந்ததில் பதினேழில் குடித்தனம் நடந்தது.

அடுத்து மச்சான் ஒரு தகர டப்பாவைத் திறந்தார். தேதி எழுதிய மூன்று காகிதப் பொட்டலங்கள், உள்ளே பூச்சிகள். மழை நாளில் பதினோராம் பொறியைத் தானே அவிழ்த்து எண்ணினாராம். பதினான்கு, பத்தொன்பது, இருபத்திரண்டு. ஆனாலும் நோட்டீஸைப் பார்த்துவிட்டு, மற்ற பொறிகளில் குறைவாக விழுந்திருக்கும் என்று சமாதானமாகி, மருந்து அடிக்காமல் விட்டாராம்.

மேடம் பதிவேட்டைப் புரட்டினார். "உங்க பொறியிலயே மூணு, அஞ்சு, நாலுன்னுதானே இருக்கு?"

மச்சான் பதிவேட்டைப் பார்த்தார். அந்துவைப் பார்த்தார். அந்து, இரண்டு வருடமாகச் சுவரில் தொங்கும் பருத்திச் செடிப் படத்தை முதன்முறையாகப் பார்த்தான்.

மச்சான் டப்பாவை மெதுவாக மூடினார். "காலையில நான் பையைக் காலி பண்ணிட்டேங்க. அப்புறமாத்தான் மாப்ள வந்து எண்ணியிருப்பாரு. மிச்சம் மீதி விழுந்ததுதான் அவர் கணக்குல வந்திருக்கும். தப்பு என் மேலதான்."

மேடம் பிடித்துக்கொண்டார். பொறியில் கை வைக்க யார் சொன்னது, ஆராய்ச்சி என்றால் விளையாட்டா, உங்களை நம்பிப் பொறி கட்டினோமே என்று கால் மணி நேரம். ஐந்து ஏக்கரைப் புழுவுக்குக் கொடுத்தவர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். 'விவசாயியின் குறுக்கீட்டால் பிழை. இவ்வயல் ஆய்விலிருந்து நீக்கப்படுகிறது' என்று மேடம் சொல்லச் சொல்ல அந்துவே எழுதினான். கையெழுத்து முத்து முத்தாக விழுந்தது. அதைப் பார்க்க அவனுக்கே கூசியது.

வெளியே வாசலில் மச்சான் பைக்கில் சாக்கைக் கட்டிக்கொண்டிருந்தார். அந்து பக்கத்தில் போய் நின்றான்.

"தங்கச்சிக்கு ஏழாவது மாசம்," என்றார் மச்சான், முடிச்சிலிருந்து கண்ணை எடுக்காமல். "இந்த நேரத்துல உங்களுக்கு வேலை போனா நல்லாவா இருக்கும்?"

"மச்சான், நான் வந்து..."

"சேத்துல உங்க கால் தடம் ஒண்ணுகூட இல்ல மாப்ள. மழைக்கு அழிஞ்சிருக்கும்னு மூணு நாளும் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்."

திட்டியிருந்தால் சமாளித்திருப்பான். திட்டுக்குப் பதில் எப்போதும் கையிருப்பில் வைத்திருப்பவன் அவன். திரும்பி உள்ளே போனான். வராந்தாவின் நீளத்துக்கு நாலு விதமாகச் சொல்லிப் பார்த்ததில், மேடத்தின் முன்னால் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

"நான் போகவே இல்ல மேடம். மூணு நாளும். பன்னெண்டு பொறிக்கும்."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பதிவேட்டில் விரலை வைத்தார். "இந்த மை கலைஞ்சிருக்கே?"

"அதுவும் நான்தான் மேடம்."

அவர் வேறு எது கேட்டிருந்தாலும் தாங்கியிருப்பான். 'விவசாயியின் குறுக்கீட்டால்' என்ற வரியை அடித்துவிட்டு உண்மையை எழுதச் சொன்னார். இம்முறை எழுத்து கோணலாக வந்தது. மேலிடத்துக்குக் கடிதம் போகத்தான் போகிறது, வேலை இருக்குமா என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். பிறகு நோட்டீஸ் போன வீடுகளின் பட்டியலை அவன் பக்கம் தள்ளினார்.

"முப்பத்தெட்டு வீடு. ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் நின்னு நீயே உன் வாயால சொல்லிட்டு வா."

வாசலில் மச்சான் இன்னும் போகவில்லை. அந்து பட்டியலை நீட்டினான். முதல் பெயரே அவருடையதுதான்.

"நமக்குத்தான் தெரிஞ்சு போச்சே. ரெண்டாவது வீட்லேர்ந்து ஆரம்பிங்க," என்று மச்சான் வண்டியைக் கிளப்பினார்.

"நீங்க எதுக்கு மச்சான்? நான் நடந்தே போயிக்கிறேன்."

மச்சான் வானத்தை அண்ணாந்து பார்த்தார். "இருட்டிக்கிட்டு வருது. நனையிற மாதிரி இருந்தா நீங்க போகமாட்டீங்களே. ஏறுங்க."

அந்து ஏறினான்.