விக்கல் கரடியும் மூன்றாம் மாடிக் கதவும்

1.

இந்தக் கதை என்னுடையதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அண்ணி சாப்பிட்டுக்கொண்டே அண்ணனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். தண்ணீர் குடிக்கப் போன என் காதில் விழுந்தது. ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க அவ்வளவு நேரம் ஆகாது என்பது அண்ணிக்கும் தெரியும். கடைசியில் என் பக்கம் திரும்பி, "எழுதறதுன்னா எழுதுங்க தம்பி. என்னைக் கொஞ்சம் ஒல்லியா எழுதுங்க" என்றார்.

அண்ணி ஒல்லியானவர். (அடுத்த வரியிலிருந்து உண்மை மட்டும்.)

அவர் வேலை பார்ப்பது ஒரு சின்னத் தொண்டு அமைப்பில். சலவைக்கடைக்குப் பின்னால் நீளமாக ஓர் அறை. தரையெல்லாம் ரப்பர் விரிப்பு. கடித்துக் கடித்து மூலை மழுங்கிய மரக்கட்டைகள். கைக்குழந்தைக்காரர்கள் பிள்ளைகளோடு வந்து விளையாடலாம், பொம்மைகளை வீட்டுக்கு எடுத்துப்போய்த் திருப்பித் தரலாம், தூங்க மறுக்கும் பிள்ளையைப் பற்றி ஒருவருக்கொருவர் புலம்பலாம். வர முடியாதவர்களின் வீட்டுக்கு அண்ணியே பொம்மைப் பையோடு போவார். தரையில் உட்கார்ந்து பிள்ளையோடு விளையாடுவார். கொஞ்ச நேரத்தில் அம்மாவும் சேர்ந்துகொள்வாள். அவ்வளவுதான் வேலை. ஆனால் அதை வாசலில் நின்று விளக்குவதற்குள், ஏதோ விற்க வந்திருக்கிறார் என்று பாதிப் பேர் கதவைச் சாத்திவிடுவார்கள்.

2.

முதல் தொடக்கம்: "அன்று மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் மாடியில் ஒரு கதவு மட்டும்..."

மழை இல்லை. மண்டையைப் பிளக்கும் வெயில். அடித்துவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: "தாய்மை என்பது..."

இதை நான் எழுதவில்லை, பேனா எழுதியது.

மூன்றாம் தொடக்கம்: அண்ணிக்கு முழங்கால் வலி.

இதுதான் சரி. லிஃப்ட் இல்லாத கட்டடம். மூன்றாம் மாடியில், ஊருக்குப் புதிதாக வந்த ஓர் இளம்பெண். கணவர் லாரி ஓட்டுகிறார். வாரத்தில் பாதி நாள் வெளியூரில். நடக்கப் பழகிக்கொண்டிருக்கும் பெண் குழந்தை. தடுப்பூசி போட வந்த இடத்தில் நர்ஸ் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு ஒருவரை அனுப்பவா என்று கேட்டிருக்கிறார். அவளும் தலையாட்டியிருக்கிறாள். ஆனால் அண்ணி போய் மணி அடித்தால், உள்ளிருந்து குரல் மட்டும் வரும்: "இன்னிக்கு வேண்டாம்க்கா." அடுத்த வாரமும் அதே மரியாதை, அதே வேண்டாம்.

அதற்கடுத்த முறை ஏறி முடித்த முழங்கால், இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. அண்ணி கதவுக்கு எதிரே படியில் உட்கார்ந்தார். சும்மா உட்காரத் தெரியாதவர். பையிலிருந்த படப் புத்தகத்தை எடுத்துச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். விக்கல் வந்த ஒரு கரடியின் கதை. ஒவ்வொரு விலங்கும் ஒரு வைத்தியம் சொல்லும்; ஒவ்வொரு பக்கத்தின் கடைசியிலும் கரடி "ஹிக்" என்னும்.

(அண்ணியின் "ஹிக்" தெருமுனைவரை கேட்கும். எங்கள் வீட்டில் அவர் மெதுவாகப் பேசி யாரும் கேட்டதில்லை.)

நாலாவது ஹிக்கோ ஐந்தாவதோ, கதவின் உள்பக்கம், கீழே, இரண்டு சின்னக் கைகள் பட் பட்டென்று தட்டின.

"அந்தப் பக்கம் ஒரு ஆள் கேக்குதுன்னு தெரிஞ்சப்புறம், பாதியில எழுந்து போக மனசு வருமா?" என்றார் அண்ணி.

3.

என்ன கூச்சல் என்று பார்க்க, இரண்டாம் மாடித் தையல்காரி இடுப்பில் பிள்ளையோடு மேலே வந்தாள். வந்தவள் உட்கார்ந்துவிட்டாள். மறுவாரம் கீழ்வீட்டிலிருந்து இன்னும் இரண்டு வாண்டுகள். பிறகு படியில் கால் வைக்க இடமில்லை. எல்லோரும் சேர்ந்து ஹிக் சொன்னார்கள். கதவு மட்டும் திறக்கவில்லை.

இந்த இடத்தில் எனக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டார். அமைப்பின் மேலாளரைப் பிடித்துப்போட்டேன். "மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, இரக்கமே இல்லாத குரலில் அவர்..."

அண்ணி படித்துவிட்டு, அந்தம்மா அப்படிப்பட்டவர் இல்லை என்று கோபித்துக்கொண்டார். மேலாளர் கேட்டது இரண்டே விஷயம். வேறு வீடுகள் காத்திருக்கும்போது, திறக்காத கதவுக்கு எத்தனை வாரம்தான் போவது? அதைவிட முக்கியமானது: "அந்தப் பொண்ணு வேண்டாம்னு சொல்லுது. நாம வாசல்ல கூட்டம் கூட்டுறோம். இது உதவியா, தொந்தரவா?"

 அண்ணி அதுவரை அப்படி யோசித்ததே இல்லை. அடுத்த முறை புத்தகத்தை எடுக்காமல், கதவருகே போய்த் தன்னால் முடிந்த அளவு மெதுவாகச் சொன்னார்: "நான் வர்றது உனக்குத் தொல்லையா இருந்தா சொல்லிடும்மா. போயிடறேன். கோவமே இல்ல."

 "பாப்பா காத்துட்டிருக்கா" என்றது உள்ளிருந்து குரல்.

அண்ணி புத்தகத்தை எடுத்தார்.

4.

அடுத்து அண்ணிக்குத் தொண்டை கட்டிக்கொள்ளப்போகிறது. கதாசிரியனுக்கு வசதியான நேரத்தில் தொண்டை கட்டுகிறதே என்று நீங்கள் முகம் சுளிப்பீர்கள். நானும் சுளித்தேன். "நிஜமாத்தான் கட்டிச்சா அண்ணி?" என்று கேட்டேவிட்டேன்.

"இல்ல தம்பி, உங்க கதைக்காகக் கட்டிக்கிட்டேன்" என்றார்.

படியில் பிள்ளைகள் காத்திருப்பார்களே என்று அந்தத் தொண்டையோடு போனார். புத்தகத்தைப் பிரித்தார், வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தையல்காரி, தான் படிப்பதாகச் சொல்லிப் புத்தகத்துக்குக் கை நீட்டினாள்.

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து, "ஹிக்."

தையல்காரி நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

"ஒரு காட்டுல ஒரு கரடி இருந்துச்சு. அதுக்கு விக்கல்."

கேட்டுக் கேட்டே அவளுக்குக் கதை மனப்பாடம் ஆகியிருந்தது. அண்ணி பக்கங்களைப் புரட்டிப் பிள்ளைகளுக்குப் படம் காட்டிக்கொண்டே வந்தார். கடைசியில் படமும் குரலும் பிரிந்துவிட்டன. புத்தகத்தில் முயல் பயமுறுத்த, கரடிக்கு விக்கல் நின்றுவிடும். அவள் சொன்ன கரடிக்கு நிற்கவில்லை. எல்லா விலங்கும் வைத்தியம் சொல்லிக் களைத்துப்போய்க் கிளம்பிவிட்டன. முயல் மட்டும், "சரி, நிக்கறப்ப நிக்கட்டும், வா விளையாடலாம்" என்றதாம்.

புத்தகத்தில் அதற்குப் படம் இல்லை. அண்ணி மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

5.

முடிவு அ: கதவு திறக்கிறது. இருவரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். (அண்ணி: "யாரு அழுதா?")

முடிவு ஆ: சில மாதங்களில் அவளே பொம்மைப் பையோடு வேறொரு மாடி ஏறுகிறாள். (ஆண்டுவிழா மேடைக்கு ஏற்ற முடிவு. மேலாளரே வேண்டாம் என்றார்.)

நடந்தது வேறு. கதவு ஒரு சாண் திறந்தது. ஒரு காலில் மட்டும் காலுறை போட்ட குழந்தை வெளியே வந்தது. கூட்டத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நேராக அண்ணியின் மடியில் ஏறியது. அதன் பின்னால் கதவு மறுபடி சாத்திக்கொண்டது.

பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அண்ணி அசையாமல் இருந்தார். இவ்வளவு பெரிய நம்பிக்கையை யாரும் தன் கையில் கொடுத்ததில்லை என்றார் என்னிடம். விளையாட்டு முடிந்ததும் கதவு திறந்து, இரண்டு கைகள் குழந்தையை வாங்கிக்கொண்டன.

சில வாரம் இப்படியே. பிறகு ஒருநாள், குழந்தையின் பின்னாலேயே அவளும் வந்து மேல்படியில் உட்கார்ந்தாள். முகம் கழுவியிருந்தாள்.  தையல்காரி நகர்ந்து இடம் விட்டாள்.

6.

இப்போதெல்லாம் சில நாள் அவள் சலவைக்கடைப் பின்னறைக்கும் வருகிறாள். இந்தக் கதையை அங்கே கொண்டுபோய் அவளிடம் கொடுத்தேன். அவள் ஏன் கதவைத் திறக்கவில்லை என்பதற்கு மூன்று காரணம் எழுதியிருந்தேன்: தனிமை, பிரசவத்துக்குப் பிந்தைய சோர்வு, மனிதர்கள்மீது பயம். நீளமாக, அழகாக.

"மூணுமே நல்லா இருக்கு சார்" என்றாள், தாளின் ஓரத்தைக் குழந்தையின் வாயிலிருந்து பிடுங்கியபடி. "ஆனா எதுவும் என்னது மாதிரி இல்ல."

அப்படியானால் ஏன் என்று கேட்டேன்.

"தெரியல. தாழ்ப்பாள் கைக்கு எட்டுற உயரத்துலதான் இருந்துச்சு. கைதான் போகல."

மூன்று காரணங்களையும் அடித்துவிட்டேன்.

7.

முடித்திருக்கலாம். ஆனால் இந்த வாரம் அவள் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. பிள்ளைக்குச் சளியாக இருக்கலாம்; கணவர் லீவில் வந்திருக்கலாம்; கை மறுபடி போகாத நாளாகவும் இருக்கலாம்.

அண்ணி சற்றுமுன்தான் பையைத் தூக்கிக்கொண்டு, முழங்காலைத் திட்டியபடி கிளம்பினார். என்ன நடந்தது என்ற சேதியோடு அவர் திரும்பி வந்தால் இந்தக் கதைக்கு ஒரே ஒரு முடிவுதான் இருக்கும். அதற்குள் இதை உங்கள் கையில் கொடுத்துவிட அவசரமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். அண்ணி வேகமாக ஏறுகிறவர் இல்லை. நீங்கள் இப்போது கிளம்பினால் அவரை இரண்டாம் மாடியிலேயே பிடித்துவிடலாம். மணியை ஒரு தடவை மட்டும் அடியுங்கள். உள்ளிருந்து வேண்டாம் என்று வந்தால் வருத்தப்படாதீர்கள். படியில் உட்கார இடம் இருக்கிறது.