தகரத் தட்டு வைக்காத பெட்டி

எழுதிப் பழகாத கை இது. பெரியோர் பலர் எழுதி நிறைத்த இடத்தில் ஒரு ஃபோம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பதற்கு வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். எழுத்தில் உள்ள பிழைகள் எல்லாம் எழுதியவருடையவை. பெட்டியில் இருந்த பிழை மட்டும் வேறொருவருடையது. இக்கதை அவரைப் பற்றியது.

அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் முகம் சுளிக்க வேண்டிய தொழில். அந்தச் சுளிப்பு அவரோடு வீட்டுக்கும் வந்துவிட்டிருந்தது. விடுமுறை நாட்களில் மலையேறும் சங்கத்தாரோடு கூடாரம் அடிக்கப் போவார். கடையில் விற்ற சாமான் பெட்டிகள் காலியாக இருக்கும்போதே தோளை முறித்தன. ஆகவே ஒரு மழைக்காலம் முழுவதும் சாப்பாட்டு மேசையைப் பிடித்துக்கொண்டார். விரல் கனமுள்ள ஃபோம் பலகையைக் கத்தியால் அறுத்து, மூலைகளைச் சீப்புப் பல்போலப் பல்வெட்டி ஒன்றோடொன்று கோத்து, தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையில் பருத்தித் துணியைத் தோய்த்து மேலே போர்த்தி, காய்ந்தபின் வர்ணம் பூசினார். பெட்டி ஒன்றேகால் கிலோதான். ஏறி உட்கார்ந்தாலும் நெளியவில்லை.

"தரையில சாப்பிட்டே பழகிட்டோம். இனிமே மேசைய வித்துடலாமா?" என்று மட்டும் மனைவி கேட்டார்.

மனைவியின் தங்கை கணவர், அதாவது அவருடைய சகலை, அதே சங்கத்தில் இருந்தார். கழுத்தில் ஊதல் ஒன்றை மாட்டிக்கொண்டு திரிந்ததால் எல்லாருக்கும் அவர் கேப்டன். அவர் பெட்டியை ஒரு வாரத்துக்கு இரவல் வாங்கிப் போனார். அடுத்த சங்கக் கூட்டத்தில் அது மேசைமேல் ஏறி நின்றது.

"நீங்களே செஞ்சதா, கேப்டன்?" என்றார் செயலாளர்.

"பின்ன? எத்தன நாள் மண்டைய உடைச்சிருப்பேன். சகலையும் கொஞ்சம் பசை தடவிக் குடுத்தாரு. கண்ணாடிக்குக் காது மாட்டுற ஆளு, பொறுமைசாலி."

கூட்டம் சிரித்தது. இரண்டாம் வரிசையில் இருந்த கண்ணாடிக் கடைக்காரரும் சிரித்தார். மரியாதை தெரிந்த மனிதர், வேறென்ன செய்வார்? அன்றே கேப்டனைச் சாமான் பொறுப்பாளராக்கினார்கள்.

"அவன் வாயால வாழுறவன். விட்டுடுங்க," என்றார் மனைவி.

"விட்டாச்சு," என்றார் அவர். விடவில்லை.

மூன்று வாரம் கழித்துக் கேப்டன் கடைக்கு வந்தார். கண்ணாடிச் சட்டங்களை ஒவ்வொன்றாக மூக்கில் ஏற்றிப் பார்த்தபடியே, "சகலை, அடுப்புக்கும் பெட்ரோலுக்கும் ஒரு பெட்டி வேணும். நடுவுல ஒரு தடுப்பு வெச்சு, அந்தப் பக்கம் படுக்கைப் பைங்க. முடியுமா?" என்றார்.

"முடியாம என்ன, தம்பி," என்றார் இவர், மிக இனிமையாக.

வெல்லத்தின்மேல் வெந்நீர் பட்டால் என்ன ஆகுமோ, ஃபோமின்மேல் பெட்ரோல் பட்டால் அதுதான் ஆகும். ஆகவே எரிபொருள் வைக்கும் பெட்டிக்குள் விளிம்பு உயர்ந்த தகரத் தட்டு ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். இது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே, தட்டுக்குப் பதிலாக அடியில் வெள்ளிக் காகிதத்தை ஒட்டினார். பார்வைக்குத் தகரமேதான். இருபது பேர் முன்னால் கேப்டன் தானே செய்ததாகச் சொல்லிப் பெட்டியைத் தூக்குவதும், அடி கழன்று கொட்டுவதும், அந்த ஊதல் வாய் அடைத்துப்போவதும் மனக்கண்ணில் ஓடின. மற்றபடி அது அவர் செய்தவற்றிலேயே சிறந்த பெட்டி. மூலைகளை மோசமாக வெட்ட அவர் கைக்குத் தெரியவில்லை.

"என்னங்க, பாட்டெல்லாம் பலமா இருக்கு?" என்று கேட்டார் மனைவி.

"வேலை பிடிச்சிருக்கு," என்றார்.

அடுத்த முகாமுக்குச் சங்கத்தார் வண்டியில் கிளம்பினார்கள். நான்கு மணி நேரம் குண்டும் குழியுமான பாதை. நண்பகலில் ஏரிக்கரையில் வண்டி நின்றது. பெட்டிக்குள் பெட்ரோல் கேனின் மூடி வழியிலேயே தளர்ந்திருக்க வேண்டும். கேப்டன் பெட்டியைத் வண்டித் தரையில் விரித்திருந்த தார்ப்பாயோடு சேர்த்து இழுத்து இறக்கி, ஊதலை ஊதி எல்லாரையும் கூட்டினார்.

"ஒரு நிமிஷம். போன கூட்டத்துல நான் சொன்னது பொய். வீட்டுக்காரி அன்னையிலேர்ந்து எங்கிட்ட பேசுறதில்ல. அந்தப் பெட்டியும் சரி, இந்தப் பெட்டியும் சரி, எங்க சகலை செஞ்சது. பசைகூட நான் தடவல."

கைதட்டினார்கள். இருபது முகங்கள் கண்ணாடிக் கடைக்காரர் பக்கம் திரும்பின. நான்கு பேர் அங்கேயே தங்களுக்கும் ஒரு பெட்டி கேட்டார்கள். ஒரு மாதமாக அவர் ஏங்கிக் கிடந்தது இதற்குத்தான்.

"இப்பத் தூக்க வேண்டாம், தம்பி. அப்புறம் பாத்துக்கலாம்," என்றார்.

"கூச்சத்தப் பாருங்க," என்று சொல்லிச் சிரித்தபடி கேப்டன் கைப்பிடியைத் தூக்கினார். சுவர்கள் வந்தன, அடி வரவில்லை. பெட்ரோல் நெடி குப்பென்று அடித்தது. கரைந்த ஃபோம் வெள்ளைப் பிசினாகி, இழை இழையாக நீண்டு, தடுப்பைத் தின்று, படுக்கைப் பைகளோடு ஒட்டிக் கிடந்தது.

"யாரு செஞ்சதுன்னு சொன்னீங்க?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். பதில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

கேப்டன் கண்ணாடிக் கடைக்காரர் தோளில் கை வைத்தார். "மொத தடவ பெட்ரோலுக்குச் செய்றீங்க, சகலை. இது தெரியாம போறது சகஜந்தான்."

தெரியும் என்று சொன்னால் வஞ்சகன். தெரியாது என்றால் கைவேலை தெரியாதவன். அவர் தலையைக் குனிந்து, "தெரியாம போச்சு," என்றார்.

இழப்பு விவரம் பின்வருமாறு. படுக்கைப் பைகள் மூன்று. அடுப்பு ஒன்று. பெட்ரோல் ஒன்றரை லிட்டர். பல்வெட்டிக் கோத்த மூலைகள் எட்டு. தங்களுக்கும் பெட்டி வேண்டும் என்று கேட்டவர்கள் நால்வர். நல்ல கைவேலைக்காரர் என்று இருபது பேர் அவரை நினைத்திருந்த காலம், ஏறக்குறைய ஒரு நிமிடம்.