ஆட்டுத்தலை பார்த்த பக்கம்

தலஸ் ஆற்றின் மேல்கரையில் ஒரு பல்கலைக்கழகம், கீழ்கரையில் ஒன்று. நடுவே ஒரு பாலம். இரண்டின் முழுப்பெயரையும் ஊரில் யாரும் சொல்வதில்லை. பெண் பார்க்கப் போகிற இடத்தில்கூட "பையன் எந்தக் கரை?" என்றுதான் கேட்பார்கள். வசந்தத்தில் நடக்கும் நகைச்சுவைப் போட்டியில் மேல்கரைப் பிள்ளைகள் கீழ்கரையைத் தவளை என்பார்கள். அவர்கள் இவர்களை மலையாடு என்பார்கள். இதில் பெரிய கூத்து என்னவென்றால், பாலத்தின் இரு முனைத் தூண்களிலும் ஆளுக்கொரு அளவுகோலை நட்டுவைத்து, ஒரே ஆற்றுக்கு இரண்டு நீர்மட்டம் சொல்வார்கள். உள்ளூர்ப் பத்திரிகையும் இரண்டு எண்களையும் அருகருகே போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடும்.

இன்கருக்கு அந்த இரண்டு எண்கள் சின்ன வயதிலிருந்தே உறுத்தல். ஆறு ஒன்றுதானே, கணக்கு ஏன் இரண்டு? கேட்காத ஆளில்லை. பள்ளிக்கூடத்தில் அவள் கை தூக்கினாலே ஆசிரியர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.

இந்த வருடம் பள்ளி முடித்து, தேர்வில் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்துவிட்டாள். இரண்டு கரையும் வா வா என்று கூப்பிட்டன. தொல்லை வீட்டுக்குள்தான். அப்பா ஒராஸ் மேல்கரையில் படித்தவர், அம்மா மைரா கீழ்கரையில் படித்தவள். அவர்கள் இருவரும் கல்யாணம் செய்துகொண்டதே ஊருக்கு அந்தக் காலத்தில் பெரிய செய்தி. இன்கரின் மனம் மேல்கரையில் இருந்தது. அங்கே முதல் கோடையிலேயே மாணவர்களை மலைக்குக் கூட்டிப்போய், ஆறு பிறக்கிற பனிப்பாறையைக் காட்டுவார்கள். ஆனால் அம்மா, இவள் தொட்டிலில் கிடந்த நாளிலிருந்தே "என் மக நான் உக்காந்த பெஞ்சுல உக்காருவா" என்று சொல்லிக்கொண்டிருப்பவள். அவள் முகம் வாடிவிடுமே என்று இன்கர் வாயையே திறக்கவில்லை. நாளைக்குள் ஏதாவது ஒரு கரையைச் சொல்லியாக வேண்டும்.

ஒராஸுக்கு அவசரம். மகள் தேறியதற்கு விருந்து என்று ஓர் ஆட்டை அறுத்து, சொந்தக்காரர்களைக் கூட்டி, இரண்டு கரையிலிருந்தும் ஆற்றியல் துறைத் தலைவர்களை அழைத்துவிட்டார். மேல்கரையிலிருந்து கோப்லண்டி, நரைத்த மீசைக்காரர். கீழ்கரையிலிருந்து சத்தார், அவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர், சிரித்தால் தெருமுனைக்குக் கேட்கும். அவித்த ஆட்டுத்தலையைக் கோப்லண்டியைப் பார்க்க வைத்துவிடுவது என்பது ஒராஸின் திட்டம். தலை யாரைப் பார்க்கிறதோ அவருக்குத்தான் அந்த வீட்டின் முதல் மரியாதை. இத்தனை சொந்தங்களின் முன்னால் அது நடந்துவிட்டால் பெண் மேல்கரைக்கு என்று வாக்குக் கொடுத்த மாதிரிதான். மனிதர் தந்திரம் என்று நினைத்துக்கொண்டு செய்தார். வீட்டில் அது தெரியாதவர் யாருமில்லை.

இறைச்சி வருவதற்கு முன் கெண்டியும் துண்டுமாக இன்கர் விருந்தாளிகளுக்குக் கைகழுவத் தண்ணீர் ஊற்றினாள். சத்தார் கையை நீட்டியபோது அவளால் சும்மா இருக்க முடியவில்லை.

"அகாய், இந்த ரெண்டு கரைச் சண்ட எப்படித்தான் ஆரம்பிச்சது?" என்றாள். ஆசிரியர்களை அகாய் என்றுதான் கூப்பிடுவது வழக்கம்.

"அதக் கேளு! பாலம் தெறந்த அன்னிக்கு எங்காளுங்க விருந்து வெச்சாங்க. மேல்கரைப் பல்கலைக்கழகத் தலைவரு, அதான் ரெக்டரு, அவருக்குத் தலைய வெச்சு மரியாத பண்ணாங்க. அந்த மனுசன் தொடக்கூட இல்ல. விருட்டுனு எந்திரிச்சுப் போயிட்டாரு. திமிரு!"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கோப்லண்டி துண்டை வெடுக்கென்று வாங்கினார். "தம்பி மீதியச் சொல்ல மாட்டாரு. எங்க ரெக்டரோட அப்பா அன்னிக்கு உசுரோட இருந்தாரு. அப்பா இருக்கறவன் முன்னாடி தலைய வெக்கலாமா? உங்கப்பன் எப்பச் சாவான்னு கேக்கற மாதிரி இல்ல? வேணும்னே செஞ்சாங்க."

"வேணும்னே இல்ல, தெரியாது!" என்றார் சத்தார்.

இன்கருக்கு இரண்டு அளவுகோல்களும் ஞாபகம் வந்தன. "யாராச்சும் முன்னாடியே அவருகிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே?" என்றாள்.

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள். நாற்பது வருடச் சண்டையில் இந்தக் கேள்வி வந்ததே இல்லை போலிருக்கிறது. கோப்லண்டியின் விரல்களில் தண்ணீர் விட்டுக்கொண்டே, நாக்கு சும்மா இருக்காமல், அவள் அடுத்ததையும் கேட்டாள். "உங்க அப்பா சௌக்கியமா, அகாய்?"

"அவருக்கென்ன! தொண்ணூறு தாண்டியாச்சு, இன்னும் குதிர ஏறுறாரு. ஏறாதீங்கன்னா என்னத்தான் திட்டுறாரு."

கெண்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. இன்கர் அடுப்படிக்கு ஓடினாள். அங்கே அப்பா தட்டைத் தூக்கக் குனிந்துகொண்டிருந்தார்.

"அப்பா, வெக்காதீங்க! கோப்லண்டி அகாயோட அப்பா இருக்காரு!"

ஒராஸ் நிமிர்ந்தார். முகம் வெளிறிவிட்டது. "இந்த வயசுல இவருக்கு அப்பாவா? நான் கேக்கவே இல்லையே..."

"அப்போ சத்தாருக்கு வைங்க. அவங்கப்பா தவறி மூணு வருசமாச்சு, துக்கத்துக்கு நானே போயிட்டு வந்தேன்," என்றாள் மைரா. சொல்லும்போதே அவள் முகத்தில் விளக்கு ஏற்றின மாதிரி இருந்தது. இன்கர் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் தட்டைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் மேல்கரை. ஆனால் தன் வீட்டு விருந்தில், சத்தார் பார்க்க, அந்தப் பெரியவர் கூசிப்போய் உட்கார்ந்திருப்பார். அதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"காரணத்தச் சபையில சொல்லிட்டு வைங்கப்பா," என்றாள்.

"எப்படிடீ சொல்றது? 'அவருக்கு ஆகாது, அதனால ஒனக்கு'ன்னா? மிச்சத் தலையா அவனுக்கு? அதுக்கு ஒரு நாப்பது வருசம் சண்ட போடுவானுங்க."

ஒராஸ் காரணம் சொல்லாமலே போய்த் தட்டை வைத்தார். தலை சத்தாரைப் பார்த்தது.

கூடத்தில் ஒரு சலசலப்பு. வயதில் மூத்தவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க, இளையவருக்குத் தலை! ஒரு சித்தப்பா இன்கருக்குக் கண்ணடித்து, "அப்போ தவளைதான்!" என்றார். சத்தார் வீடே அதிரச் சிரித்துக் கத்தியை எடுத்தார். "மைரா, உங்க பெஞ்ச தொடச்சு வெக்கச் சொல்றேன்!"

கோப்லண்டி மீசையைத் தடவியபடி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்கருக்கு அழுகை முட்டியது. பனிப்பாறை போயிற்று, அதையும் தன் வாயாலேயே கெடுத்துக்கொண்டாயிற்று. அப்போது அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். கெண்டியைப் பார்த்தார். மெல்லச் சிரித்தார்.

"ஒராஸ், இந்தத் தல எனக்கு வர வேண்டியதுதானே? எங்கப்பா இருக்காரான்னு ஒம் பொண்ணு கேட்டுட்டு வந்து சொல்லிட்டா. அதானே?" பிறகு கூட்டத்தைப் பார்த்து, "அன்னிக்கு இவள மாதிரி ஒருத்தி இருந்திருந்தா நாங்க ரெண்டு கரையும் இப்படிக் குரைச்சுக்கிட்டு இருந்திருக்க மாட்டோம்," என்றார்.

நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் சத்தாரின் கத்தி அந்தரத்தில் நின்றுவிட்டது. சிரிப்பும் நின்றது. தனக்குக் கிடைத்தது இன்னொருவருக்கு ஆகாமல் போன தலை என்று சபை முழுக்கத் தெரிந்துவிட்டது. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனால் பழைய கதை மறுபடியும் முதலிலிருந்து. ஒராஸ் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தவித்தார்.

சத்தார் தலையின் ஒரு காதை அறுத்தார். காது குழந்தைகளுக்குக் கொடுப்பது. பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு நடக்க வேண்டும் என்பதற்காக. இன்கர் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள். அவர் அவளை ஒரு கணம் பார்த்துவிட்டு, அதைத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டார்.

"இன்னிக்குக் கேட்டுக்க வேண்டியவன் நான்தான்," என்றார் மென்றபடி. "சொல்லு பொண்ணே. எந்தக் கரை?"

இன்கர் கதவுப்பக்கம் பார்த்தாள். அம்மா கரண்டியோடு நின்றிருந்தாள்.

"மேல்கரை, அகாய். பனிப்பாறையப் பாக்கணும். ஆனா உங்க தூண்ல இருக்கற அளவுகோலயும் பாக்கணும். ரெண்டும் ஏன் ஒத்துப்போகலன்னு தெரிஞ்சே ஆகணும்."

சத்தார் விழுங்கினார். "உப்பு கம்மி," என்றார். பிறகு மறு காதை அறுத்துக் கோப்லண்டியிடம் நீட்டினார். "இந்தாங்க. அடுத்து உங்ககிட்டதான் கேக்கப்போறா. அவ பாலத்தத் தாண்டி எங்க பக்கம் வந்துபோக விடுவீங்களா?" கோப்லண்டி அந்தக் காதை வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். கூடம் கொல்லென்று சிரித்தது.

மைரா மட்டும் சிரிக்கவில்லை. இன்கர் அவளைத் தேடி அடுப்படிக்குப் போனபோது வெறும் சட்டியைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"எப்பலேருந்து மேல்கரை?"

"குளிர்காலத்துலேருந்தும்மா."

"ஊரு பூரா கேள்வி கேக்கறவ. யாரு அப்பா இருக்காரு, ஆறு ஏன் ரெண்டு கணக்குன்னு. என்னை ஒரு வார்த்த கேக்கலயே நீ?"

இன்கர் அவள் கையிலிருந்த கரண்டியை வாங்கிக் கீழே வைத்தாள். "நான் மேல்கரைக்குப் போனா நீ அழுவியாம்மா?"

"அழுவேன்," என்றாள் மைரா, கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு. "அழுது முடிச்சிட்டுக் கம்பளிச் சட்ட எடுத்து வெப்பேன். மேல ரொம்பக் குளிரும்."