அரைநிலாக் குறி

கணவர் கிளேட்டன் இறந்த பிறகு அவர் பெயருக்கு வந்த கடிதங்களை வெர்லா ஹாஸ்கெட் பிரிக்கவே இல்லை. சமையலறை இழுப்பறையில் போட்டு மூடினார். அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் மாட்டுக்குப் போடும் சூட்டுக்குறியைப் பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்; தவறினால் வேறு யாரும் அதைத் தன் பெயருக்குக் கேட்டு வாங்கலாம். அந்த அறிவிப்பும் இழுப்பறையில்தான் கிடந்தது.

கன்றுகளுக்குச் சூடு போட மூன்று நாள் இருக்கையில் விஷயம் தெரிந்தது. கிளேட்டனின் கொள்ளுத்தாத்தா டெக்சஸிலிருந்து மந்தையோடு கொண்டுவந்த அரைநிலாக் குறி இப்போது ஆரின் ட்வெட் பெயரில் இருந்தது. பக்கத்துப் பண்ணைக்காரர். வாய்க்கால் தகராறில் கிளேட்டனோடு பதினோரு வருடம் பேசாதவர்.

வெர்லா வண்டியை எடுத்தார். மே மாதமாகியும் விண்ட் ரிவர் மலைகளில் பனி அப்படியே இருந்தது. ஆரின் வேலிக்கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"செத்தவர்கிட்ட ஜெயிச்சுட்டீங்களா?" இறங்கும்போதே கேட்டார் வெர்லா.

"உயிரோட இருந்தப்பவே ஜெயிச்சிருக்கேன். கோர்ட்டுல, ரெண்டு தடவை."

"விளையாடாதீங்க. அது எங்க குறி."

"தெரியும். அதான் எடுத்தேன்." ஆரின் குறடைக் கீழே வைத்தார். "புதுப்பிக்காத பட்டியல்ல பார்த்தேன். போன் பண்ணா நீ எடுக்கல."

"உங்க நம்பர்னா எங்க வீட்ல யாரும் எடுக்க மாட்டோம்."

"நல்ல பழக்கம். கொலராடோக்காரன் ஒருத்தன் அந்தக் குறிக்கு அலையறான்னு மாட்டுத் தரகன் சொன்னான். மாடு ஒண்ணுகூட இல்லாதவன். லீவுக்கு வர்ற பங்களா வாசல்ல பலகையாத் தொங்கவிட அழகா இருக்குமாம். விட முடியுமா? முந்திக்கிட்டேன்."

ஆரின் தன் வண்டியிலிருந்து ஒரு உறையை எடுத்து நீட்டினார். குறியை வெர்லா பெயருக்கு மாற்றும் பத்திரம். கையெழுத்தும் முத்திரையும் போன வாரத் தேதியில் இருந்தன.

"போன வாரமே முடிச்சுட்டு எதுக்குக் கையில வச்சிருந்தீங்க?"

"உங்க வாசலுக்கு வந்து பதினோரு வருஷமாச்சு. வண்டிய எங்க நிறுத்தறதுன்னே தெரியல."

வெர்லா பத்திரத்தை இரண்டு முறை படித்தார். "கிளேட்டன் இருந்தா என்ன சொல்லியிருப்பார்?"

"கையெழுத்து என்னுதுதானான்னு சரிபார்க்கச் சொல்லியிருப்பான்."

சனிக்கிழமை அக்கம்பக்கத்திலிருந்து இருபது பேர் குதிரைகளோடு வந்தார்கள். சூடு போடும் வேலைக்கு யாரும் கூலி வாங்குவதில்லை. அடுத்த வாரம் அவர்களுடைய பண்ணைகளுக்கு வெர்லா போவார். பட்டிக்குள் குதிரையில் போய்க் கயிறு வீசிக் கன்று பிடிப்பது யார் என்று பண்ணைக்குச் சொந்தக்காரர்தான் சொல்ல வேண்டும். அது மரியாதை, யாரும் கேட்டு வாங்குவதில்லை. ஆரின் தன் குதிரையை வெளியே கட்டிவிட்டு, கன்றின் காலை அமுக்கிப் பிடிக்கும் இளவட்டங்களோடு நின்றுகொண்டார்.

வெர்லா எல்லோர் முன்னிலும் அவரிடம் போனார். "ஆரின், குதிரை ஏறுங்க. முதல் கன்னு நீங்கதான் பிடிக்கணும்."

"எழுபத்திரண்டு வயசு, வெர்லா. கயிறு தப்பும்."

"தப்பட்டும். ஏறுங்க."

தப்பத்தான் செய்தது. "கண்ணாடிய வீட்லயே விட்டுட்டீங்களா, ட்வெட்?" என்று வேலியோரம் கூச்சல். இரண்டாவது வீச்சில் பின்னங்கால்கள் சுருக்கில் விழுந்தன. ஆரின் கன்றை நெருப்பருகே இழுத்து வந்தார். வெர்லா நெருப்பில் பழுத்திருந்த அரைநிலா இரும்பை எடுத்தார்.