கண்ணாடி மேல் இரண்டு கோடு

“வாட்ச் கண்ணாடிய மாத்தக் கூடாது,” என்றேன்.

புதுவாயல் கூட்டு ரோட்டில் ரிப்பேர் கடை வைத்திருந்த ஆசீர்வாதம், கண்ணில் செருகியிருந்த லென்ஸை எடுத்துவிட்டு என் அப்பாவைப் பார்த்தார்.

“இன்னா துலுக்காணம், நீ எல்லாம் புச்சா போடச் சொன்ன. பொண்ணு இப்டி சொல்லுது.”

“அது கெடக்குது. டயலுக்குப் பெயிண்ட் அடி, மேல தங்க முலாம் போடு, கண்ணாடிய மாத்து. திங்கக்கெழம கம்பெனில சேருது. டைம் ஆபீஸ் கிளார்க்கு. வேல வுடற சங்கு ஊதறதே இதான்,” என்றார் நைனா. கடைக்கு வந்ததிலிருந்து இதை மூன்றாவது முறையாகச் சொல்கிறார்.

எங்கள் குடும்பத்தில் முதல் பி.ஏ. நான். கும்மிடிப்பூண்டியில் புதிதாக எழும்பிய கம்பெனி ஒன்றில் வேலை. அதற்காகத்தான் நைனாவின் வாட்ச் என் கைக்கு வருகிறது. மூர் மார்க்கெட்டில் பழசாக வாங்கியது. ஓடாமல் போய் ஆறு வருடம்.

அதன் கண்ணாடியில் இரண்டு கோடுகள் இருந்தன. தானாக விழுந்த கீறல் அல்ல. நைனா செங்கல் சூளையில் கல் சுமந்தவர். ஆறு மணிக்கு வேலை முடிய வேண்டும். மேஸ்திரி இருட்டிய பிறகுதான் தண்டவாளத் துண்டில் மணி அடிப்பான். நைனாவுக்கு மணி பார்க்கத் தெரியாது. மூன்றாம் வகுப்பில் இருந்த நான் சாவியைத் திருகி ஆறில் நிறுத்திக் காட்டினேன். பெரிய முள்ளுக்கு ஒன்று, சின்ன முள்ளுக்கு ஒன்று என்று கோணி ஊசியால் கிழித்துக்கொண்டார். மறுநாள் முட்கள் கோட்டுக்கு வந்ததும் தலைச்சுமையை இறக்கினார். மேஸ்திரி அறைந்தான். அதற்கடுத்த நாளும் ஆறுக்கே இறக்கினார்.

இதைத்தான் தூக்கிப் போடச் சொல்கிறார்.

“ஆபீஸ்ல கேப்பாங்க கன்னியம்மா, இன்னா கோடு இதுன்னு. எங்கப்பனுக்கு மணி பாக்கத் தெரியாதுன்னு சொல்லுவியா?”

“சொல்லுவேன்.”

“எனுக்கு அசிங்கமா கீது.”

“அறைஞ்சவனுக்கே அசிங்கமா இல்ல. உனுக்கு இன்னாத்துக்கு நைனா?”

ஆசீர்வாதம் வாட்ச்சைத் திறந்து காட்டினார். சக்கரங்களின் மேல் சிவப்பாகத் தூள். “கண்ணாடி ஓரத்துல விரிசல் கீதும்மா. அது வழியா சூளைத் தூளு பூரா உள்ள பூந்துகினு கீது. கழுவி வுட்டாலும் மறுபடி நின்னுடும். கோடு வோணுமா, ஓடணுமா?”

நின்றுபோன வாட்ச்சைக் காட்டி யாரிடம் என்ன கேட்பது?

“கண்ணாடிய மட்டும் மாத்துங்க. டயல தொடாதீங்க. முலாமும் வேணாம்.”

சனிக்கிழமை வாட்ச் ஓடியது. மங்கிய டயல், பளபளக்கும் கண்ணாடி. அதைக் கடையிலேயே நைனாவின் முன்னால் வைத்து, பக்கத்தில் வீட்டிலிருந்து கொண்டுபோன கோணி ஊசியையும் வைத்தேன்.

“புச்சுல கிறுக்குனா நான் பொறுப்பில்ல,” என்றார் ஆசீர்வாதம்.

நைனா ஊசியின் முனையைக் கட்டைவிரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு கேட்டார்: “உங்க கம்பெனில எத்தினி மணிக்கு வுடணும்?”

“அஞ்சு.”

“அஞ்சுல நிறுத்து.”

நிறுத்தினேன். முட்களுக்கு நேராக இரண்டு கோடு கிழித்தார்.

திங்கட்கிழமை மாலை சூப்பர்வைசர் டைம் ஆபீஸுக்குள் தலையை நீட்டினார். “லோடு இன்னும் ஏத்தி முடிக்கலம்மா. சங்கு ஒரு கால் மணி நேரம் கழிச்சு ஊதட்டும்.”

குனிந்து பார்த்தேன். முட்கள் இரண்டும் நைனாவின் கோடுகளுக்கு அடியில் இருந்தன. எழுந்துபோய்ச் சங்கு சுவிட்சை அழுத்தினேன்.