ஏழு வளவு தாண்டி வந்த கரண்டு

மத்தேயுவுக்குக் காற்று சும்மா கிடைத்தது. கம்பிச் செலவுதான் அவனைக் கொன்றது.

செட்டிபாளையத்துக் கடற்கரை மணல்மேட்டில் அவன் ஒரு காற்றாடி நட்டிருந்தான். பலகையில் செதுக்கிய இறக்கைகள், பழைய லொறியில் கழற்றிய டைனமோ, அடியில் அவனுடைய கொட்டில். கடற்காற்று அடித்தால் கொட்டிலில் பல்பு பளிச்சென்று எரியும். அறுபத்தொன்றாம் ஆண்டு அது. பட்டணத்துக்குக் கரண்டு வந்துவிட்டது. எங்கள் ஊருக்கு இழுக்கக் கட்டுப்படியாகாது என்று கரண்டுக் கந்தோரில் கையை விரித்துவிட்டார்கள்.

கரைவலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி யாக்கோப்பருக்கு அந்தப் பல்பைக் கண்டதும் ஆசை பிடித்தது. அவருடைய மகள் ஞானமலருக்கும் மத்தேயுவுக்கும் விருப்பம் என்பது வாவியில் கிடக்கும் மீனுக்குக்கூடத் தெரியும். அவர் வீடு வாவிக்கரையில், கடற்கரைக்கு எதிர்ப்பக்கம். சனிக்கிழமை பொழுதுபட அந்த வெளிச்சம் தன் விறாந்தையில் எரிந்தால், மறுநாள் கோயிலில் வாசிக்கும் கலியாண அறிவித்தலில் மத்தேயுவின் பெயர் இருக்கும் என்றார். இல்லாவிட்டால் பட்டணத்துக் கிளாக்கர் ஒருவரின் பெயர். கிளாக்கருக்கு வழுக்கை என்பதை அவர் சொல்லவில்லை. அதை நாங்கள் சொன்னோம்.

மத்தேயு சைக்கிளை விற்றுக் கம்பி வாங்கினான். கம்பி ஏழு வீட்டு வளவு தாண்டி வரவேண்டும். அங்கேதான் வந்தது வில்லங்கம். எங்கள் ஊரில் கரைவலைக் கயிற்றில் கை வைத்தவனுக்கெல்லாம் மீனில் பங்கு உண்டு. கடைசி நேரத்தில் ஓடிவந்து ஒப்புக்குத் தொட்டவனும் வெறுங்கையோடு போகமாட்டான். ஆகவே கம்பி கட்ட மரம் கொடுத்தவர்கள் எல்லோரும் பங்கு கேட்டார்கள். றீற்றா அக்காவின் குசினிக்கு ஒரு பல்பு. மார்கிறட் மாமிக்குக் கோழிக்கூட்டில் ஒன்று. கோழி என்ன படிக்கப்போகிறதா என்று கேட்க ஆளில்லை. கோயில் சுவாமியார் தன் வளவில் இரண்டு தென்னை நின்றதால் இரண்டு கேட்டார், அந்தோனியார் சுரூபத்துக்கு ஒன்று, தனக்கு ஒன்று. மத்தேயு மறுக்கவில்லை. மீனைப் போலக் கரண்டையும் பங்கு வைக்கலாம் என்று அவனும் நம்பினான், எங்களூரான்தானே.

சனி பின்னேரம் நல்ல காற்று. மத்தேயு காற்றாடியின் அடியிலேயே காவல் நின்றான். இங்கே கோழிக்கூடு ஜெகஜோதியாக எரிந்தது. அந்தோனியாருக்குச் சுமாரான வெளிச்சம். யாக்கோப்பரின் விறாந்தையில் சொந்தக்காரர் எல்லாம் பாயில் இருந்து அண்ணாந்து பார்க்க, பல்புக்குள் ஒரு சிவந்த நூல் மட்டும் தெரிந்தது. கீழே இருந்தவரின் பீடி அதைவிடப் பிரகாசம்.

யாரோ சிரித்துவிட்டார்கள். யாக்கோப்பருக்கு மானம் போயிற்று. கிளாக்கர் வீட்டுக்கு உடனே ஆளனுப்பச் சொன்னார். ஞானமலர் உள்ளே போய்த் துணிப்பெட்டியோடு வந்தாள்.

"எங்க போறாய், புள்ள?"

"வெளிச்சம் இஞ்ச வந்து சேரல்ல அப்பா. நான் அங்க போறன்."

"மாப்பிள்ளதான் பொம்பிள வீட்டுக்கு வாறது. பொம்பிள போற வழக்கம் நம்மட ஊரில இல்ல."

"ஓம். பங்கு வைக்கிற வழக்கம் மட்டும்தான் இரிக்கி."

அவள் கம்பி போன வழியே நடந்தாள். வளவுக்காரர்கள் கணக்குப் போட்டார்கள். சம்மாட்டியின் மகள் வீட்டை விட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தோம் என்றாகிவிட்டால், நாளைக்கு அவர் வலையில் எப்படிக் கை வைப்பது? பார்க்கவே இல்லை என்று சத்தியம் பண்ண இருட்டு வேண்டும். அவள் நெருங்க நெருங்க ஒவ்வொரு வீட்டாரும் பல்பை அணைத்தார்கள். சுவாமியார் தன்னுடையதை அணைத்துவிட்டு, யோசித்து, அந்தோனியாருடையதையும் அணைத்தார். கடைசியாகக் கோழிக்கூடும் இருண்டது.

அவ்வளவு கரண்டும் யாக்கோப்பர் வீட்டுக்கு வந்தது. விறாந்தை பட்டப்பகலாயிற்று. பாயில் இருந்த எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் படியில் நின்று அழுதது வாவியின் அக்கரைவரைக்கும் தெரிந்திருக்கும்.