சம்பந்தி வீட்டு இன்ஜெக்டர்கள்

மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் கூடிக்கொண்டே போனதால், சென்னியப்பன் தன் பிக்கப் வண்டிக்குப் பெரிய இன்ஜெக்டர் பார்க்கக் கிளம்பினான்.

வளைவு கூடுவது அந்த ஊருக்கு ஒன்றும் புதிதில்லை. பங்குனியில் ஒன்று கூடியது. சித்திரையில் இன்னும் சிலது. நெடுஞ்சாலைக்காரர்கள் வந்து எண் பலகை நட்டுவிட்டுப் போவார்கள். மறுநாள் இரண்டு பலகைக்கு நடுவே எண் இல்லாத ஒரு வளைவு வெட்கமே இல்லாமல் படுத்துக்கிடக்கும். மேலே போன பேருந்து இன்னும் திரும்பவில்லை. போகிற வழியிலேயே கண்டக்டருக்குப் பதவி உயர்வு வந்துவிட்டது என்று அவர் வீட்டில் சந்தோஷமாக இருந்தார்கள்.

சென்னியப்பனுக்குப் பேருந்தைப் பற்றி என்ன கவலை? அவன் சம்சாரம் சம்பூரணம் மேலே இருந்தாள். தம்பி மகளுக்குக் காதுகுத்து என்று தாய் வீட்டுக்குப் போனவள். இவனுக்கு அன்றைக்குத் தக்காளி லோடு இருந்தது. பின்னாலேயே வருகிறேன் என்று சொல்லி அனுப்பினான். அவள் போய்ச் சேர்ந்ததும் பாதை நீள ஆரம்பித்துவிட்டது.

நடந்து போனால் ஆகாதா என்று கேட்பீர்கள். நடந்தும் பார்த்தான் பாவம். மெதுவாக வருகிறவர்களைக் கண்டால் மலைக்கு ஏனோ குஷி. ஒருவன் ஒரு வளைவு ஏறுவதற்குள் அது இரண்டு வளைவு பெற்றுப் போட்டுவிடும். மேலே இருந்து அவள் இறங்கினாலும் இதே கதைதான். வளைவு பிறப்பதற்கு முன்னால் அதைத் தாண்டிவிடுகிற வேகம் வேண்டும். அவன் வண்டிக்கோ பாதி மேட்டிலேயே மூச்சு வாங்கியது.

போனில் பேசலாம்தான். ஆனால் தூரம் கூடக்கூட அவள் பதில் வந்து சேரத் தாமதமானது. இவன் காலையில் கேட்டதற்குச் சாயங்காலம் பதில் வந்தது. பிறகு மறுநாள் வந்தது. அங்கே மழையா என்று ஒருநாள் கேட்டான். அவன் அதைக் கேட்டதையே மறந்து, கடையில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது, ஆமாங்க நல்ல மழை என்று அவள் குரல் வந்தது. இப்படியே போனால் அவள் சொல்வது வந்து சேர்வதற்குள் தான் செத்தே போவோம் என்று அவனுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. சாதாரணப் பயம் இல்லை. கண்ணாடி முன்னால் நின்று கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிற பயம்.

டீசல் பம்ப் கடை மாரப்பன் அந்த வட்டாரத்தில் கெட்டிக்காரர். ஸ்க்ரூடிரைவர் நுனியை எஞ்சின் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். ரொம்ப நேரம் கேட்டார். நடுநடுவே ‘ம்’ கொட்டினார். ஒரு தடவை சிரித்துவிட்டு, உடனே முகத்தைச் சரிசெய்துகொண்டார். பிறகு பழைய இன்ஜெக்டர் நாலும் ஒழுகுகிறது என்றும், பெரிய ஓட்டை வைத்த புது இன்ஜெக்டர்கள்தான் டீசலை நன்றாகப் பீச்சும், அதைப் போட்டால்தான் வண்டி ஏறும் என்றும் சொன்னார்.

போட்டுவிடுங்கள் என்றான் சென்னியப்பன்.

அப்படியெல்லாம் எடுத்துப் போட்டுவிட முடியாது, வீட்டுக்குப் போய்ப் பார்த்துப் பேச வேண்டும் என்றார் மாரப்பன். ஊரில் இரண்டு வீட்டில் இன்ஜெக்டர்கள் கல்யாணத்துக்கு இருக்கிறார்கள். இரண்டு வீட்டிலும் நாலு நாலு. கீழத் தெரு வீட்டு இன்ஜெக்டர்கள் அளவானவை. வீட்டுக்காரர்களும் முறை கிறை என்று எதையும் பார்க்காதவர்கள். அதுதான் இவனுக்குத் தோது. மேலத் தெரு பொன்னுரங்கம் வீட்டுப் பெண்கள் இன்னும் பெரியவர்கள், நல்ல வேகம். ஆனால் அந்தக் குடும்பம் முறைக்காக உயிரை விடும். முதலில் மேலத் தெருவுக்குப் போய்த் தலையைக் காட்டிவிட்டு, அப்புறம் கீழத் தெருவில் போய் முடித்துக்கொள்ள வேண்டும்.

முடிக்கப்போவது கீழத் தெருவில் என்றால் மேலத் தெருவுக்கு எதற்குப் போக வேண்டும் என்று இவன் கேட்டான்.

“பாக்காமப் போனா அவுங்க வருத்தப்படுவாங்கல்ல?” என்றார் மாரப்பன். “காப்பி குடி. பஜ்ஜி தின்னு. சோத்துல மட்டும் கை நனைச்சுறாத. நனைச்சா சம்மதம்னு ஆயிரும்.”

மாரப்பனும் கூட வருவதாகத்தான் இருந்தது. ஆனால் சென்னியப்பன் ஒன்று, மாரப்பன் ஒன்று, மாப்பிள்ளை வண்டி ஒன்று. நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போகக்கூடாது. நாலாவதாக யாரையாவது கூட்டிக்கொள்ளலாமே என்றான் இவன். நாலாவது ஆள் மேலே இருக்கிறாளே என்றார் அவர். வண்டியைக் கழுவி, பானெட்டில் சந்தனப் பொட்டு வைத்து, இவன் தனியாகவே ஓட்டிக்கொண்டு போனான்.

பொன்னுரங்கம் வாசலிலேயே நின்றிருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தங்கமான மனிதர். மாப்பிள்ளையை வேப்பமர நிழலில் நிறுத்தச் சொன்னார். டயருக்குத் தண்ணீர் ஊற்றி வரவேற்றார்கள். சென்னியப்பனை நடுக்கூடத்தில் உட்கார வைத்தார்கள். வாசல் ரொம்பப் பக்கத்தில்தான் இருந்தது. அதை அவன் கவனித்து வைத்துக்கொண்டான்.

இன்ஜெக்டர்கள் வந்தார்கள். நாலு பேரும் ஒரு சாண் உயரம். பச்சைப் பட்டு சுற்றி, தலையைக் குனிந்துகொண்டு, ஆளுக்கு ஒரு முனையாகக் காப்பித் தட்டைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். தட்டு அவர்களைவிடப் பெரிது. எப்படித் தூக்கினார்கள் என்று அவன் கேட்கவில்லை. கேட்பது மரியாதை இல்லை.

“பையன் புகை விடுவாருங்களா?” என்று பொன்னுரங்கம் ஆரம்பித்தார்.

“மேடு ஏறும்போது மட்டுமுங்க.”

“கூடப் பொறந்தவங்க?”

“ஸ்டெப்னி ஒண்ணு இருக்குதுங்க.”

“அது என்ன பண்ணுது?”

“சும்மாதாங்க இருக்குது.”

பொன்னுரங்கம் யோசித்துவிட்டு, எல்லா வீட்டிலும் அப்படி ஒன்று உண்டு என்று பெருந்தன்மையாகச் சொன்னார். பிறகு மூத்தவளைப் பார்த்துக் கண் காட்டினார். அவள் தரையைப் பார்த்தபடியே டீசலைப் பீச்சிக் காட்டினாள். சும்மா சொல்லக்கூடாது. ஒரு சொட்டு ஒழுகவில்லை. மார்கழிப் பனி மாதிரி கூடம் முழுக்கப் படர்ந்து நின்றது. வெளியே வண்டி தானாக ஒரு தடவை ஹாரன் அடித்தது. சென்னியப்பனுக்குத்தான் மானம் போயிற்று.

ஆனாலும் அவன் நிதானமாக இருந்தான். பஜ்ஜி தின்றான், காப்பி குடித்தான், வீட்டில் கலந்துகொண்டு சொல்லி அனுப்புகிறேன் என்றான். அப்படிச் சொன்னால் வேண்டாம் என்று அர்த்தம் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். யாரும் முகம் சுளிக்கவில்லை. பொன்னுரங்கம் கும்பிட்டார். இவனும் கும்பிட்டான். எழுந்து வாசலைப் பார்த்து நடந்தான்.

வாசல் தள்ளிப் போயிருந்தது. கூடம் நீண்டு, நீண்ட நடையாக ஆகிவிட்டது. அவன் நடந்தான். நடை முடியவில்லை. ஒரு பக்கம் சுவர், இன்னொரு பக்கமும் சுவர். நடுவில் ஒரு தலைவாழை இலை போட்டிருந்தது. இலையில் சூடாகச் சோறு. சோற்றின் மேல் கொள்ளு ரசம்.

சம்பூரணம் போனதிலிருந்து அவன் சோறு என்று ஒன்றை உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை. பன்னும் டீயும்தான். சில நாள் அதுவும் இல்லை. தாண்டிப் போய்விடலாம் என்றுதான் வேட்டியைத் தூக்கிப் பிடித்தான், சத்தியமாக. ஆனால் அந்த வாசம் இருக்கிறதே, அது அவள் வைக்கிற ரசத்தின் வாசம். பூண்டைத் தோலோடு தட்டிப் போடுவாள், அதே வாசம். மணம் மட்டும் பார்க்கலாம் என்று உட்கார்ந்தான். கை எப்போது சோற்றில் இறங்கியது என்று அவனுக்கே தெரியாது.

எங்கிருந்தோ பெண்கள் குலவை போட்டார்கள்.

“ரொம்ப நல்லதுங்க சம்பந்தி,” என்று பொன்னுரங்கம் அவன் பக்கத்தில் நின்று சொன்னார்.

சென்னியப்பன் அழுதுகொண்டே சாப்பிட்டான். மறுசோறும் வாங்கினான். ரசம் நன்றாக இருந்தது, அதுதான் கொடுமை. சாப்பிட்டு நிமிர்ந்தால் வாசல் பழையபடி பக்கத்திலேயே இருக்கிறது.

கடைக்குத் திரும்பியதும் மாரப்பன் அவன் கையை வாங்கி முகர்ந்து பார்த்தார். திட்டவில்லை. இனி நீயாச்சு, அவர்களாச்சு என்று மட்டும் சொன்னார். ஆனி மாதக் கடைசி முகூர்த்தத்தில் மேளம் கொட்ட, மாரப்பன் ஸ்பேனரால் ஒவ்வொருவராக எஞ்சினுக்குள் இறக்கி முடுக்கினார். பொன்னுரங்கத்தின் மனைவி ஓரமாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வண்டி ஏறியது பாருங்கள், அதை என்னவென்று சொல்வது! மலையே ஒரு நிமிடம் திகைத்துவிட்டது. ஒரு வளைவு பிறக்க எத்தனிக்கும்போதே பிக்கப் அதன் மேல் ஏறிப் போய்க்கொண்டிருந்தது. பகலில் ஏறியது, பொழுது சாய்ந்தும் ஏறியது, விடிந்தும் ஏறியது. வழியில் அந்தப் பேருந்தைத் தாண்டினான். அதன் ஜன்னல் கம்பிகளில் துணி காய்ந்தது. உள்ளே தொட்டில் ஒன்று ஆடியது. நரைத்த கண்டக்டர் கை காட்டினார். இவனும் காட்டினான்.

போனில் பதில்கள் நெருங்கி வந்தன. மறுநாள் வந்தது அன்றைக்கே வந்தது. அப்புறம் சற்று நேரத்தில் வந்தது. கடைசியில் அவன் வாய் மூடுவதற்குள் வந்தது. வண்டிச் சத்தம் இங்கே கேட்கிறது, ரோட்டுக்கு வந்து நிற்கிறேன் என்றாள். அவன் போனைப் பக்கத்து சீட்டில் வைத்துவிட்டுச் சிரித்தான். எத்தனையோ நாளுக்குப் பிறகு சிரித்ததால் தாடை வலித்தது.

அவளைப் பார்த்துவிட்டான். ஒரே ஒரு வளைவுக்கு மேலே, மஞ்சள் பையோடு நின்றுகொண்டிருந்தாள்.

அப்போது காற்று வீசியது. அது ஆடிக் காற்று. பாதையோரத்தில் பொன்னுரங்கமும் அவர் மனைவியும் சீர்த்தட்டோடு நின்றிருந்தார்கள். இவனுக்கு முன்னால் எப்படி வந்தார்கள் என்று தெரியவில்லை. பெண்ணைப் பெற்றவர்களுக்கு மலை வழி விடும் போலிருக்கிறது. வண்டி மரியாதையாகத் தானே நின்றது.

“ஆடி பொறந்துருச்சுங்க சம்பந்தி,” என்றார் பொன்னுரங்கம். “புள்ளைங்களக் கூட்டிட்டுப் போலாம்னு வந்தோம்.”

புதுப்பெண்களை ஆடியில் புகுந்த வீட்டில் விட்டுவைக்க மாட்டார்கள். தாய் வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். இது யாருக்குத்தான் தெரியாது? சென்னியப்பனுக்கும் தெரியும். எஞ்சினுக்கு அது பொருந்தும் என்று அவனுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

“ஒரே ஒரு வளைவுங்க,” என்றான். “எம் பொண்டாட்டி அதா நிக்கிறா. அவளை ஏத்திக்கிட்டு வந்தர்றேன். உங்க காலைப் புடிக்கிறேனுங்க.”

பொன்னுரங்கம் கையை நெற்றியில் வைத்து மேலே பார்த்தார். அவர் கண்ணும் கலங்கிவிட்டது. நல்ல குடும்பத்துப் பெண்ணாகத் தெரிகிறது என்றார். ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறதே என்றார். நீங்கள் எங்கள் வீட்டில் கை நனைத்தவர் என்றார். அதில் மிரட்டல் எதுவும் இல்லை. வருத்தமாகத்தான் சொன்னார்.

நாலு பேரும் எஞ்சினிலிருந்து இறங்கி வந்து, சென்னியப்பன் காலில் விழுந்து கும்பிட்டார்கள். சின்னவள் அழுதாள். நல்லா இருங்க என்று அவன் நாலு பேரையும் வாழ்த்தினான். வேறு என்ன செய்வான்? அவர்களை மடியில் கட்டிக்கொண்டு பெரியவர்கள் இறங்கிப் போனார்கள்.

சம்பூரணம் மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு அடி இறங்கினாள். பாதை நெளிந்தது. உடனே நின்றுவிட்டாள். இவனும் அசையவில்லை. அசையாமல் நின்றால் பேசிக்கொள்கிற தூரம்தான்.

“ஏனுங்க, எளைச்சுப் போயிட்டீங்க,” என்றாள். “சாப்டீங்களா?”

“சாப்டேன்.”

“எங்க?”

“சம்பந்தி வீட்டுல.”

யார் சம்பந்தி என்று அவள் கேட்கவில்லை. என்ன போட்டார்கள் என்று கேட்டாள். கொள்ளு ரசம் என்றான். நன்றாக இருந்ததா என்று கேட்டாள். இல்லை என்று சொல்லியிருக்கலாம். இத்தனை வருஷம் அவனுக்காக ரசம் வைத்தவளிடம் ரசத்தைப் பற்றிப் பொய் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

“நீ வைக்கிற மாதிரியே இருந்துச்சு,” என்றான்.

அவள் முகத்தில் இருந்த கவலை இறங்கிவிட்டது. பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

“அப்பச் சரிங்க,” என்றாள். “பசியாக் கெடக்கறீங்களோன்னுதான் நித்தமும் ரோட்டுக்கு வந்து பாத்துட்டு இருந்தேன். உங்களுக்கு ரசம் வெக்க ஆளிருக்குது. இனி எனக்குக் கவலையில்ல.”

சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்துத் திரும்பி நடந்தாள். மெதுவாகத்தான் நடந்தாள். மலைக்கு அது போதுமாக இருந்தது. எனக்கு யாருமில்லை சம்பூரணம், ஒரே ஒரு வேளைதான் சாப்பிட்டேன் என்று சென்னியப்பன் கத்தினான். அதற்குள் நடுவில் ஒரு வளைவு வந்துவிட்டது.